பற்கறையும் மனச்சுமையும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு நீரின் இரண்டாம் விளைவு

1. பொருளும் எல்லையும்

வாய்நலத்தையும் மனநலத்தையும் இணைத்துப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் வலியிலிருந்து தொடங்குகின்றன. சொத்தைப் பல் வலித்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் வேலை கெடும். கூலி போகும், கைமாற்று ஏறும், மனம் சோர்ந்துபோகும். ஏழைக் குடும்பங்களில் இந்தச் சங்கிலி இன்னும் இறுகலானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வாய்நல அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய்நோய் இருப்பதாகவும், அவர்களில் நான்கில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வதாகவும் சொல்கிறது. வலியைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வலிக்காத பல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் படிந்திருக்கும் மஞ்சள், பழுப்புக் கறையே இங்கு ஆய்வுப் பொருள். மருத்துவ ஏடுகளில் இதற்குப் ‘பல் ஃபுளோரோசிஸ்’ என்று பெயர். எலும்பைத் தாக்கி முதுகையும் முட்டியையும் முடக்கும் வகை வேறு. அது தனியே எழுதத்தக்கது. பல்லில் வருவதை ‘அழகு சார்ந்த குறை’ என்று வகைப்படுத்தி நகர்ந்துவிடுவது பொதுச் சுகாதாரத் துறையின் நெடுநாள் வழக்கம். அழகு சார்ந்தது என்பதனாலேயே அது மனத்தைச் சார்ந்ததாகிறது என்பது என் வாதம். கறை தரும் மனச்சுமையை அதன் அடர்த்தி மட்டும் தீர்மானிப்பதில்லை; ‘இதற்கு யார் காரணம்’ என்று பார்ப்பவர் என்ன நினைக்கிறார் என்பதும், அதைக் கறையுள்ளவர் எவ்வளவு நம்பிவிடுகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

2. கறை உருவாகும் விதம்

2.1 நீர்

இந்தியாவில் ஃபுளோரைடு நோய் முதன்முதலாகப் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். 1937இல் ஷார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளை விவரித்து எழுதினார்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் (முன்னது 1965இல் சேலத்திலிருந்தும், பின்னது 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தவை) பழம்பாறைகளின் மேல் அமைந்த வறண்ட நிலம். இங்குள்ள கிரானைட், நைஸ் பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நிலத்தடி நீர் அதை எளிதில் கரைத்துக்கொள்ளும். பாறை இடுக்கில் நீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கரைசலும் கூடும். ஏரியும் கிணறும் வற்றி, ஆழ்துளைக் கிணறுகளை நம்பத் தொடங்கிய பிறகு மக்கள் குடித்தது இப்படி நெடுநாள் தங்கிய நீரை.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் கல் உடைப்பவரும் களை எடுப்பவரும் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவர் குடிப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். எனவே ஒரே குழாயில் வரும் ஒரே நீரும் எல்லாருக்கும் ஒரே அளவு நஞ்சாகாது. வறுமை இந்த நோய்க்குள் நுழையும் முதல் வாசல் இது. சோறு, பருப்பு, பால், சத்துணவு குறைந்த பிள்ளைகளிடம் பாதிப்பு கூடும் என்பது இரண்டாவது.

2.2 பல்

நிரந்தர முன்பற்களின் மேற்பூச்சு, அதாவது எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பல் வெளியே தெரிவது ஆறு ஏழு வயதில்; ஆனால் அதன் தரம் அதற்கு முன்பே ஈறுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் மிகுதியான ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால் எனாமல் முழுதாகக் கனிமம் ஏறாமல், சரியாக வேகாத மண்சட்டியைப் போல நுண்துளைகளோடு நின்றுவிடும். முளைக்கும்போது பல் சுண்ணாம்பு வெள்ளையாகவோ வெண்கோடுகளோடோ இருக்கும். பழுப்பு பிறகு வருகிறது, அந்தத் துளைகளில் வெளியிலிருந்து நிறம் ஊற ஊற. கடுமையான நிலையில் எனாமல் குழி குழியாக உதிரும்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. எனாமல் உருவான பிறகு உடல் அதைப் புதுப்பிப்பதில்லை. மூன்று வயதில் குடித்த நீர் முப்பது வயதில் சிரிக்கும்போது தெரியும்.

3. கறையைப் பார்க்கும் கண்கள்

3.1 ஊருக்குள்ளும் ஊருக்கு வெளியிலும்

லேசான ஃபுளோரோசிஸ் வாழ்க்கைத் தரத்தைக் குறைப்பதில்லை என்றும், கடுமையான நிலை தெளிவாகக் குறைக்கிறது என்றும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். லேசான வெண்கோடு உள்ளவர்களில் சிலர் தம் பல்லைப் பற்றிப் பிறரைவிட நிறைவாகவே உணர்கிறார்களாம். சொத்தை குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இந்த முடிவை அப்படியே தருமபுரிக்குப் பெயர்த்து வைக்க முடியாது. எல்லார் பல்லும் ஒரே மாதிரி இருக்கும் ஊரில் கறை ஒரு செய்தியே இல்லை. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை அதை யாரும் குறிப்பிடுவதுகூட இல்லை. ‘எங்க ஊரு தண்ணி அப்படி’ என்ற ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிடும்.

ஊர் எல்லையைத் தாண்டும் வயதில்தான் கறைக்குப் பொருள் வருகிறது. சேலத்திலோ கோவையிலோ கல்லூரி விடுதி. ஓசூரில் கம்பெனி நேர்காணல். திருப்பூரில் பனியன் வேலை. பெங்களூருவில் கட்டட வேலை. அங்கே யாருக்கும் அந்த ஊர்த் தண்ணீர் தெரியாது. ‘பல்லு தேய்க்க மாட்டியா?’ என்ற கேள்வி விளையாட்டாகத்தான் வரும். புகையிலை போடுகிறானோ என்ற சந்தேகமும் கூடவே வரும். மேற்பார்வையாளரிடம் சம்பளம் கேட்கப் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவனைப் பணிவானவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், எதையோ மறைப்பவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட ‘ஸ்டிக்மா’ நூலில், மறைக்க முடியாத குறி உடையவர், மறைத்துவிடக்கூடிய குறி உடையவர் என்று இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். முன்னவருக்குப் பிறரோடு பழகும்போது வரும் இறுக்கத்தைக் கையாள்வது வேலை; பின்னவருக்குத் தன்னைப் பற்றிய செய்தியைக் கையாள்வது வேலை. பற்கறை இரண்டுக்கும் இடைப்பட்டது. வாயை மூடினால் மறையும், திறந்தால் தெரியும். சிரிப்பு, கொட்டாவி, பாட்டு, சத்தமான பேச்சு எல்லாம் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியவையாகிவிடுகின்றன. புகைப்படத்தில் உதட்டைச் சேர்த்துச் சிரிப்பது, துப்பட்டா நுனியைக் கையில் தயாராக வைத்திருப்பது, செல்ஃபியில் பின்வரிசைக்கு நகர்வது எல்லாம் பழகிப்போய் இயல்பாகத் தோன்றும் உழைப்பு. கொரோனா காலத்தின் முகக்கவசம் சிலருக்கு ஓய்வாக இருந்திருக்கும் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

3.2 பெண்ணும் வயதும்

ஒரே கறை எல்லார் முகத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு சந்தையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பல்லை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவருடைய இருபது வயதுப் பேத்தியின் பல், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது. அவர்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தால் கறைக்குக் காரணம் தண்ணீர் என்று சொல்வதும் முழுமையாக உதவாது. ‘தண்ணி கெட்ட ஊரு’ என்று ஊரையே சேர்த்துத் தள்ளிவிட வழி பிறக்கும்.

இந்தப் பாலின வேறுபாட்டுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று. அமெரிக்காவில் 1945இல் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் தொடங்கி, சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் சிறிதளவு ஃபுளோரைடு சேர்த்தார்கள். பொருளியலாளர்கள் ஷெர்ரி கிளைடும் மேத்யூ நைடலும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி நீர் கிடைத்த பகுதிகளில் சிறுவயதைக் கழித்த பெண்களின் வருமானம் மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஆண்களிடம் அப்படியொரு வேறுபாடு புலப்படவில்லை. அதிகப் பயன் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு. நல்ல பல்லுக்குச் சந்தை பெண்ணிடம்தான் விலை கேட்கிறது என்பது இதன் சாரம். அங்கே அளவோடு சேர்த்த அதே பொருள் ஏழைப் பெண்ணின் பல்லைக் காத்துக் கூலியை உயர்த்தியது. இங்கே அளவு மீறிக் கிடைத்து அதே வகைப் பெண்ணின் வாயை மூட வைத்திருக்கிறது.

3.3 தேய்ப்பும் பழியும்

அரசு மருத்துவமனை ஒன்றின் பல் பிரிவில் நான் கேட்ட உரையாடல் இது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன், பல் கூச்சம் தாங்கவில்லை என்று வந்திருக்கிறான். பேசியதெல்லாம் அவன் அம்மா.

“தெனம் ரெண்டு வேள தேய்க்கிறான் டாக்டரம்மா. செங்கப்பொடி, உப்பு, அடுப்புக்கரி எல்லாம் போட்டுப் பாத்துட்டான். போவல.”

“தேய்ச்சதாலதாம்மா கூச்சம். கறை மேல இல்ல, பல்லுக்குள்ளயே இருக்கு. சின்னதுல குடிச்ச தண்ணியால வந்தது.”

“அப்ப பையன் மேல தப்பு இல்லீங்களா?”

“இல்லம்மா.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்கதானுங்களே அந்தத் தண்ணிய குடுத்து வளத்தோம்” என்றார்.

இந்த ஐந்து பேச்சுகளில் ஒரு சமூக உளவியல் பாடமே அடங்கியிருக்கிறது. பையன் தன்னைக் குற்றவாளியாக ஏற்றுக்கொண்டு செங்கல் பொடியால் தண்டித்துக்கொண்டிருக்கிறான். ஏற்கெனவே நுண்துளை விழுந்த எனாமலை உரசு பொருள் மேலும் தேய்க்க, கூச்சம் வந்து சேர்கிறது. வெட்கம் இப்படித்தான் உடல்நோயாக உருமாறுகிறது. மருத்துவர் காரணத்தைச் சொன்னதும் பழி மறையவில்லை. மகனிடமிருந்து தாய்க்கு இடம் மாறியது. ஆழ்துளைக் கிணறு வெட்டியவரிடமோ, நீரைச் சோதிக்காமல் விட்ட அலுவலகத்திடமோ அது போய்ச் சேரவில்லை.

வாய்நலக் கல்விக்கும் இதில் பங்குண்டு. ஆலும் வேலும் என்று தொடங்கும் பாடத்திலிருந்து பற்பசை விளம்பரம் வரை எல்லாம் வெண்மையைத் தூய்மைக்கும், தூய்மையை ஒழுக்கத்துக்கும் சான்றாக்கிவிட்டன. ‘பல் துலக்கினால் பல் வெண்மையாகும்’ என்ற சுவரெழுத்து, ஃபுளோரைடு மிகுந்த ஊரின் பள்ளியில் அன்றாடம் ஒரு பொய்க்குற்றச்சாட்டாக நிற்கிறது. இதைத் திருத்த ஒரு வாளி சுண்ணாம்பு போதும்.

4. எதிர்த்திசை

மனநலக் குறைவு வாயைக் கெடுக்கும் வழியும் உண்டு. அது நன்கு நிறுவப்பட்டது. கடும் மனநோய் உள்ளவர்களிடம் எல்லாப் பற்களையும் இழந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு என்று ஸ்டீவ் கைஸ்லி குழுவினரின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. சோர்வில் பல் துலக்குவது நின்றுபோகிறது. மனச்சோர்வு மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர வைக்கின்றன. புகையிலை துணைக்கு வருகிறது. கல் குவாரியிலும் வயலிலும் புகையிலை பசியையும் பல்வலியையும் ஒருசேர மந்தப்படுத்தும் மலிவான மருந்து.

காரண-காரியத்தை எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். வாய்நலம், மனநலம் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்தவை. எது முந்தியது என்பதை அவை காட்டா. வறுமை இரண்டுக்கும் பொதுக் காரணமாக நின்று இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டவும் கூடும். பல் ஃபுளோரோசிஸ் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்கிறது. மனச்சோர்வு ஒருவரின் எனாமலைப் பின்னோக்கிப் போய்க் கெடுக்க முடியாது. கறை ஐந்து வயதுக்குள் முடிவாகிறது. கூச்சமும் ஒதுங்கலும் பிறகு வருகின்றன. காலவரிசை தெளிவாக இருக்கும் அரிய வாய்க்குறைகளில் இது ஒன்று.

இங்கே ஒரு பக்கச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் நுண்ணறிவு எண் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு முடிவு செய்தது. நீர்க்கொள்கைக்கு இது முக்கியம். பள்ளி ஆசிரியர் கையில் இது ஆபத்தான அரைகுறை அறிவு. மக்கள்தொகை சராசரியில் தெரியும் சிறு வேறுபாட்டை, முன்பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையின் பல்லைப் பார்த்து யாரும் கணிக்க முடியாது. கறையோடு ‘மந்தம்’ என்ற முத்திரையும் சேர்ந்துவிட்டால், நாம் குறைக்க முயலும் சுமையை நாமே இரட்டிப்பாக்கியவர்களாவோம்.

5. அளவுகோல்கள்

ஃபுளோரோசிஸை அளக்க இன்றும் பயன்படுவது டீன் குறியீடு. 1930களில் அமெரிக்கப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் வகுத்து 1942இல் திருத்தியது. இயல்பான பல்லுக்கு 0, கடுமையான நிலைக்கு 4. ஓர் ஊரின் சராசரி 0.6ஐத் தாண்டினால் அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ளலாம் என்றார் அவர். நோயாளிக்குத் தன் பல் எப்படித் தோன்றுகிறது என்பதற்கு அதில் இடமில்லை.

கேரி ஸ்லேட் 1997இல் சுருக்கித் தந்த வாய்நலத் தாக்க அளவை (ஓஹிப்-14) அந்த இடத்தை நிரப்புகிறது. பதினான்கு கேள்விகளில் பாதிக்கு மேல் மனத்தையும் உறவையும் தொடுபவை: பல்லால் கூச்சப்பட்டதுண்டா, இறுக்கமாக உணர்ந்ததுண்டா, பிறரிடம் எரிச்சல் பட்டதுண்டா என்பன போல. மறுபக்கம், மனச்சோர்வை வடிகட்டிக் கண்டறியும் பிஹெச்க்யூ-9 வினாத்தாளின் ஒன்பது கேள்விகளில் பசி உண்டு, தூக்கம் உண்டு, வாய் இல்லை. பல் மருத்துவர் முதல் தாளை நிரப்பி அனுப்பிவிடுகிறார். மனநல ஆலோசகர் இரண்டாவதை. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கேட்கும் பழக்கம் இல்லாதவரை தொடர்பு யார் கண்ணிலும் படாது.

நிர்வாகத்திலும் இதே பிளவு. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது திருச்சி முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-09இல் வந்தது. அதன் மையம் நீரும் எலும்பும். பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013இல் வந்தது. அதன் பட்டியலில் பல் நோயும் உண்டு. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டங்களுக்குக் குறைவில்லை. கறைபடிந்த பல்லோடு வாயை மூடிக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுக்காரர் எந்தக் கோப்பில் வருவார் என்பதுதான் தெளிவாக இல்லை.

6. 2013க்கு முன், 2013க்குப் பின்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன், காவிரி நீர், இரு மாவட்டங்களின் நகரங்களும் கிராமங்களும் என்று பெரிய திட்டம். அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்ப, அங்கே சட்டமன்றத் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அதைத் தள்ளிவைத்தார். 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் நீர் வந்தது. 1,900 கோடி ரூபாயைத் தாண்டிய இத்திட்டம், பிந்தைய பிள்ளைகளுக்குத் தமிழகம் செய்த பெரும் நன்மை என்றே சொல்வேன்.

எனாமலின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு கணக்கு தெரிகிறது. அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு நீர் வந்தபோது ஐந்து வயது. அதன் முன்பற்கள் உருவாகி முடிந்திருந்தன. அந்தக் குழந்தைகள்தான் இன்று கல்லூரிக்கும் கம்பெனிக்கும் கல்யாணத்துக்கும் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன் பிறந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். குழாய் வந்ததோடு பிரச்சினை முடிந்தது என்று கோப்பை மூடினால், முடிந்தது அடுத்த தலைமுறையின் பிரச்சினை மட்டுமே. அதுவும், குழாய் நீர் குறையும் நாள்களில் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிடாத இடங்களில்.

7. செய்யத்தக்கவையும் ஆராயத்தக்கதும்

சிகிச்சை இருக்கிறது. லேசான, நடுத்தரக் கறைக்கு அமிலமும் உரசுபொடியும் கொண்டு மேற்படலத்தை மெல்ல எடுக்கும் நுண்ணுரசல், வெளுப்பு, பல்நிறக் காம்போசிட் பூச்சு. கடுமையானதற்குப் பீங்கான் உறை. தனியார் மருத்துவமனையில் உறை ஒரு பல்லுக்கே சில ஆயிரம் ஆகும். சிரிப்பில் தெரியும் மேல்வரிசைப் பற்கள் ஆறு. 2024-25இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து மூன்றும் தொலைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பல் பிரிவில் காம்போசிட் பூச்சை ‘அழகு’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து நோய்ச் சிகிச்சையாக வைப்பது முதல் தேவை. எல்லாருக்கும் பூச்சு வேண்டாம். ஓஹிப் மதிப்பெண் உயர்ந்தவர்களுக்கு முதலிடம் தரலாம். பல்லின் நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்துவதைவிட இது நியாயமானது.

பள்ளிச் சோதனையில் மருத்துவர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் காரணத்தைச் சொல்ல வேண்டும். மூவரும் சேர்ந்திருக்கையில் சொல்வது முக்கியம். தனித்தனியே சொன்னால் பழி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர இடமிருக்கும். நீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருந்தது என்ற பழைய சோதனை எண் ஊராட்சி அலுவலகத்தில் கிடைத்தால் அதையும் கையில் வைத்துச் சொல்வது நல்லது. எண் இருந்தால் பேச்சு வீட்டைவிட்டு ஊராட்சிக்குப் போகும்.

ஆய்வாளர்களுக்கு இந்த இரு மாவட்டங்களும் இயல்பாகவே ஒரு சோதனைக்களத்தை அமைத்துத் தந்திருக்கின்றன. வாய்நலக் கணக்கெடுப்புகளில் உலக சுகாதார நிறுவனம் ஒப்பீட்டுக்கு எடுக்கச் சொல்லும் வயதுகளில் 12 ஒன்று. 2014இல் பிறந்தவர்கள் 2026இல் அந்த வயதை எட்டுகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே வருமானத்தில், ஒரே அம்மா கையால் சாப்பிட்ட இருவர்: 2007இல் பிறந்த அண்ணனின் பல் போர் தண்ணீரில் உருவானது, 2014இல் பிறந்த தங்கையின் பல் காவிரி நீரில். இருவருக்கும் டீன் குறியீடு, ஓஹிப், வயதுக்கேற்ற மனச்சோர்வு வினாத்தாள் மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். வயதும் பாலினமும் வேறு என்பதால் கறை பாதிப்பு இல்லாத பக்கத்து வட்டாரத்து அண்ணன் தங்கைகளையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்க வேண்டும். காவிரி நீர் ஒழுங்காக வந்த ஊர், கலப்பு நீர் வந்த ஊர் என்று பிரித்தும் பார்க்கலாம். அண்ணன் வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போய்விட்டால் அவனைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஊரைத் தாண்டியவனிடம்தான் கறை பேசத் தொடங்குகிறது என்ற இக்கட்டுரையின் கருதுகோள் சரியா தவறா என்பது அவன் பதிலில்தான் தெரியும்.